சண்டிகர் நாற்காலியைக் கடற்கரை ஊரில் மறுஆக்கம் செய்தல்

கட்டடக்கலைஞர் ஒருவர் முன்பு வடிவமைத்த நாற்காலியையோ மேசையையோ, அதன் அளவு, வடிவம், பொருத்து, மரம் ஆகியவற்றைப் பின்பற்றிப் புதிதாகச் செய்து, புதியது என்று சொல்லியே விற்பதை இந்நூல் மறுஆக்கம் என்று குறிக்கிறது. அதே பொருளைப் பழையது என்று நம்பவைத்து விற்றால் அது போலி. இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே உளியால் செய்யப்படக்கூடியவை என்பதால், வேறுபாட்டை விற்பவரின் சொல்லிலும் பொருளின் அடியில் உள்ள குறியிலும் விலைச்சீட்டிலுமே தேட வேண்டியிருக்கிறது. அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தச்சுப் பட்டறைகளுக்கும், அங்கே புதிதாக வீடு கட்டி அறைக்கலன் தேடும் குடும்பங்களுக்கும் பயன்படும் வகையில், இந்த அத்தியாயம் ஒரே ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறது: பியர் ஜான்னரே 1950-களில் சண்டிகர் நகருக்காக உருவாக்கிய பிரம்பு நாற்காலி.

1947-இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், இந்தியப் பகுதிப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. புதிய தலைநகரான சண்டிகரை வடிவமைக்கும் பொறுப்பு கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேவிடம் வந்தபோது, அவருடைய உறவினரும் பாரிஸில் நீண்டகாலம் அவருடன் தொழில் செய்தவருமான பியர் ஜான்னரே (1896-1967) 1951-இல் சண்டிகருக்கு வந்தார். லெ கொர்புசியே அவ்வப்போது வந்து சென்றவர், ஜான்னரேயோ 1965 வரை அங்கேயே தங்கி வேலையை நடத்தியவர். இவ்விருவரும் வடிவமைப்பாளர் சார்லொத் பெரியானுடன் சேர்ந்து 1929-இல் பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் வைத்த நாற்காலிகள் எஃகுக் குழாயால் ஆனவை. அந்தத் தொடக்ககால வடிவங்களை ஜான்னரே பஞ்சாபுக்குக் கொண்டுவரவில்லை. கையருகே மரமும், பிரம்பும், அவற்றில் பழகிய கைகளும் இருந்ததால், மூங்கிலையும் கயிற்றையும்கூடச் சோதித்துப் பார்த்து, தேக்கிலும் சீசம் மரத்திலும் புதிய வடிவங்களை வரையத் தொடங்கினார். யூலி சௌத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக்கலைஞர்கள் அந்தக் குழுவில் இருந்து மரச்சாமான் வடிவமைப்பில் பங்கேற்றார்கள் என்பதையும், பிற்கால விற்பனைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே பெயரை மட்டும் அச்சிட்டு அவர்களை மறைத்துவிட்டன என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும்.

மறுஆக்கம் செய்பவர் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது, இந்த நாற்காலிகள் ஒரே தொழிற்சாலையில் வார்க்கப்பட்டவை அல்ல என்பதே. செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம், கல்லூரி, நூலகம் என ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டதால், வரைபடம் பல பட்டறைகளுக்குக் கொடுக்கப்பட்டு, அந்தந்த ஆசாரியின் கைக்கும் கிடைத்த மரத்துக்கும் ஏற்பக் காலின் கனமும் கைப்பிடியின் வளைவும் சிறிது சிறிதாக மாறின. ஆகவே, அச்சுப் பிசகாத ஒற்றை மூல அளவு என்று எதையும் காட்டி விலை ஏற்றுபவரை நம்ப வேண்டியதில்லை. அதேபோல, சண்டிகரைப் பார்த்தேயிராத பட்டுக்கோட்டை ஆசாரி செய்வது மட்டம் என்று எண்ணவும் இடமில்லை. முதல் நாற்காலிகளைச் செய்தவர்களும் அவரைப் போலவே உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள்தாம்.

அந்தச் சாமான்களின் பின்கதை துயரமானது. உடைந்தவை கல்லூரி மாடிகளிலும் அலுவலகப் பின்கட்டுகளிலும் குவிக்கப்பட்டு, பழைய சாமான் ஏலத்தில் அற்ப விலைக்குப் போயின. அவற்றை வாங்கிய வெளிநாட்டு வணிகர்கள் பழுதுபார்த்து மெருகேற்றி ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். பெரும்பாலும் நூறு ஆண்டு கடந்த பொருள்களையே காக்கும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இவற்றுக்குப் பொருந்தவில்லை. 2011-இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தப் பாரம்பரியச் சாமான்களை விற்கவோ நாட்டுக்கு வெளியே அனுப்பவோ கூடாது என்று ஆணையிட்டது. இதற்கிடையில் பெங்களூரின் ஃபேன்டம் ஹேண்ட்ஸ் நிறுவனம் இந்த வடிவங்களைக் கைவேலையாக மறுஆக்கம் செய்யத் தொடங்கியது. இத்தாலியின் கசீனா நிறுவனம் 2019-இல் ஜான்னரேக்கு மரியாதை என்ற பெயரிலேயே ஒரு வரிசையை வெளியிட்டது. மறுஆக்கம் இன்று வெளிப்படையான, கௌரவமான தொழில்.

கடல் கற்பிப்பது

சண்டிகர் கடலிலிருந்து வெகுதொலைவில் இருக்கிறது. அதிராம்பட்டினமோ பாக் நீரிணையின் கரையில், உப்பளங்களை ஒட்டி அமைந்த ஊர். வறண்ட கோடையும் குளிர்காலமும் கண்ட வடிவத்தை உப்புக்காற்று வீசும் ஊருக்குக் கொண்டுவரும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு நல்ல முன்மாதிரி இதே சோழமண்டலக் கரையில், புதுச்சேரியில், இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டடக்கலைஞர் அன்டொனின் ரேமண்ட் வடிவமைத்தார். 1937 முதல் 1939 வரை அங்கே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தவர் அவருடைய உதவியாளரான ஜார்ஜ் நகாஷிமா. பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய மரச்சாமான் கலைஞர்களில் ஒருவராகப் புகழ் பெற்ற நகாஷிமாவின் (1905-1990) தொடக்ககால மரச்சாமான்கள் இந்த விடுதி அறைகளுக்காகவே வடிவமைக்கப்பட்டன: தேக்கில், அலங்காரம் இல்லாத, எளிய சாமான்கள். கதவு சன்னல்களுக்கான கைப்பிடி, கீல் போன்றவற்றை ஆசிரமத்தார் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். கடற்கரைத் தச்சுக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது: மரம் தேக்காகவும், உலோகம் பித்தளையாகவும், வடிவம் கழுவித் துடைக்க எளிதாகவும் இருக்கட்டும்.

சண்டிகர் நாற்காலியில் மாற்றக்கூடாதது அதன் அமைப்பு. இரு பக்கமும் இரண்டிரண்டு கால்கள் கவிழ்ந்த ஆங்கில வி எழுத்துப் போல மேலே கூடி கைப்பிடியைத் தாங்குகின்றன. இருக்கையின் மட்டத்தில் ஒரு குறுக்குச்சட்டம் அவ்விரு காலையும் கட்டிப்போடுகிறது. இருக்கைச் சட்டமும் முதுகுச் சட்டமும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே பக்கச் சட்டங்களுக்கு இடையில் அமர்கின்றன. உயரம் சுமார் 80 செ.மீ., அகலம் 50 செ.மீ.க்குச் சற்று மேல். உட்காருபவரின் எடை சாய்ந்த கால்கள் வழியாக நேரே தரைக்கு இறங்குவதும், ஒரு சட்டம் கெட்டால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்ய முடிவதும் இந்த அமைப்பின் பலன். காலைச் செங்குத்தாக்கி மரத்தை மிச்சப்படுத்தினால், அல்லது அழகுக்காகக் காலை மெலிதாக்கினால், பெயர் மட்டும் மிஞ்சும், நாற்காலி மிஞ்சாது.

மரம்

ஒரு நாற்காலிக்கு இழைத்து முடித்த மரம் ஏறத்தாழ அரைக் கன அடிக்குச் சற்றுக் குறைவாக அடங்கும். ஆனால் சாய்ந்த கால்களுக்கு நேரான ரேகையுள்ள துண்டு வேண்டியிருப்பதால் கழிவு மிகும், ஆகவே மரவாடியில் முக்கால் கன அடி என்று கணக்கிடுவதே பாதுகாப்பு. ரேகை என்பது மரத்தின் நார் ஓடும் திசை. அது காலின் நீளத்துக்கு ஒத்துப்போகாமல் குறுக்கே வெட்டிப்போனால், எவ்வளவு நல்ல தேக்காக இருந்தாலும் கால் ஒருநாள் அந்த இடத்திலேயே பிளக்கும். வாய்க்கால் கரைகளில் வளர்ந்த காவிரி டெல்டாத் தேக்கு நீர்வளத்தால் வேகமாகப் பருக்கும் மரம் என்பதால், அதில் நடுவிலுள்ள வைரத்தைச் சுற்றி வெளிறிய வெள்ளை மரம் அகலமாக இருக்கும். தேக்கு கரையானுக்கு அசையாது என்ற பேச்சு வைரத்துக்கு மட்டுமே உரியது; வெள்ளையைக் கரையானும் உளு வண்டும் தின்றுவிடும். கால், குறுக்குச்சட்டம், இருக்கைச் சட்டம் மூன்றிலும் வெள்ளை கலக்காமல் வாங்குவதும், வாங்கும்போதே ரசீதையும், வனத்துறை அனுமதிச் சீட்டு தேவைப்படும் மரமாயின் அதையும் கேட்டுப் பெறுவதும் பட்டறைக்காரரின் கடமை.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் இந்த வட்டாரத்தில் தென்னையோடு தேக்கு, பலா, மா, பூவரசு என எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. அந்த மரத்தை அறுத்து வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. நன்கு ஆறிய அந்த மரம் மலிவாகவும் கிடைக்கலாம். அதில் மறைந்துள்ள ஒரு கேட்டை ஆசாரி அறிந்திருக்க வேண்டும். புயலில் வளைந்து முறிந்த மரத்தில், அழுத்தம் தாங்காத பக்கத்து நார்கள் உள்ளேயே மடிந்து, நாருக்குக் குறுக்காக மயிரிழை போன்ற கோடுகள் விழுந்திருக்கும். அறுத்த பலகையில் அவை தெரியமாட்டா. இழைப்புளியால் மட்டமாக இழைத்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, பலகையைச் சாய்வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் அந்தக் குறுக்குக் கோடுகள் கண்ணுக்குப் படும். அப்படிப்பட்ட துண்டை முதுகுப் பலகைக்கோ பெட்டிக்கோ பயன்படுத்தலாம். நாற்காலிக் காலுக்கு ஒருபோதும் எடுக்கக்கூடாது.

தேக்கு கட்டுப்படியாகாதவர்களுக்குப் பூவரசே முதல் தேர்வு. டெல்டாக் கிராமங்களின் வேலியோரங்களில் வளரும் இந்த மரத்தின் வைரம் கருஞ்சிவப்பாக, இறுக்கமாக, ஈரத்தைத் தாங்குவதாக இருப்பதால் சாய்ந்த பொருத்துகளை நன்றாகப் பிடிக்கும். நீளமான நேர் துண்டு கிடைப்பது அரிது என்றாலும், நாற்காலிக் கால் 70 செ.மீ.க்கு மேல் நீளாது என்பதால் அது தடையில்லை. வாகையும் நன்று. தஞ்சாவூர் வீணைக்குப் பெயர் பெற்ற பலா, முதுகுச் சட்டத்துக்கும் கைப்பிடிக்கும் பொருந்தும். பொன்னிறமாகத் தொடங்கி வயதாக ஆகச் செம்பழுப்பாகும் அதன் நிறமாற்றம் எந்த வார்னிஷும் தராத அழகு. முதிர்ந்த தென்னையின் வெளிப்புறக் கட்டை உறுதியானதுதான், ஆனால் பிரம்பு கோப்பதற்காக நெருக்கமாகத் துளையிடும்போது அது நாராகப் பிளந்துகொள்வதால் இந்த நாற்காலிக்கு உதவாது. சீசமும் ஈட்டியும் ஒரே பேரினத்தவை; 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் (CITES) கட்டுப்பாட்டுக்குள் இருப்பதால், மலேசியாவிலோ வளைகுடாவிலோ உள்ள உறவினருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அவற்றைத் தவிர்த்துவிடுவது தொல்லையைக் குறைக்கும்.

அறுத்த மரத்தை நிழலில், துண்டுகளுக்கு இடையே சட்டம் வைத்து அடுக்கி, காற்றோட்டமாகச் சில மாதங்கள் ஆறப்போட வேண்டும். ஈரமானியில் 12 முதல் 14 விழுக்காடு காட்டும்போது அது இந்தக் கரைக்கு ஏற்ற பதத்தில் இருக்கிறது எனலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரத்தை இழுத்து உப்பியிருக்கும்; அப்போது இறுக்கமாகத் தோன்றும் பொருத்து சித்திரை வெயிலில் சுருங்கி ஆட்டம் கண்டுவிடும் என்பதால், பொருத்து வெட்டும் வேலையைப் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

பொருத்தும் பிரம்பும்

இந்த நாற்காலியின் உயிர் பொருத்தில் இருக்கிறது. ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி நாக்குப் போல நீட்டுவது கழுந்து. அது போய் அமர மற்றொரு கட்டையில் குடைவது துளை. கால்கள் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு கழுந்தின் தோளும் மூலைமட்டத்துக்கு அடங்காத கோணத்தில் வெட்டப்பட வேண்டும். ஆகவே முதலில் ஒரு பக்கச் சட்டத்தின் முழு அளவுப் படத்தை பிளைவுட் பலகையில் வரைந்து, அதையே மாதிரிப் பலகையாக அறுத்துக்கொண்டு, எல்லாக் கோணங்களையும் அதிலிருந்து சாய்மட்டத்தால் எடுப்பதே சரியான முறை. ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித்தனியே அளந்தால் நான்கில் ஒரு கால் தரையைத் தொடாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால், பசை தடவுவதற்குச் சற்றுமுன் கழுந்தைத் தின்னரால் துடைக்க வேண்டும். பசையும் தண்ணீரைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பசைக்குத் துணையாக, கழுந்தைக் குறுக்கே துளைத்து மூங்கில் ஆணி அடிக்கும் பழைய வழக்கம் இங்கே மிகப் பொருத்தமானது. மூங்கில் துருப்பிடிக்காது, மரத்தோடு சேர்ந்தே சுருங்கி விரியும், பழுதுபார்க்கும் நாளில் தட்டி எடுத்துவிடலாம். இரும்பு ஆணியோ உப்புக்காற்றில் துருவேறி, தேக்கைச் சுற்றிலும் கறுப்பாகக் கறைபடுத்தி, கடைசியில் மரத்தையே வெடிக்கவைக்கும். திருகாணி தேவைப்படும் இடங்களில் பித்தளையோ 316 தரத் துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் 304 தரம் கடலோரத்தில் விரைவிலேயே பழுப்புக் கறை பிடிக்கிறது.

பிரம்பு பின்னும் வேலைக்குத் திறமையான கைகள் தொலைவில் இல்லை. கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் பிரம்புச் சாமானுக்கே பெயர் போன ஊர். இருக்கைச் சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி ஏறத்தாழ அரை அங்குல இடைவெளியில் துளையிட்டால், ஒரு பக்கத்துக்கு முப்பதை ஒட்டிய துளைகள் அமையும். நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, மீண்டும் நெடுக்கு, அதன்பின் மேலும் கீழுமாகக் கோத்துக் குறுக்கு, கடைசியில் இருபுறமும் மூலைவாட்டாக ஒவ்வொரு முறை என ஆறு ஓட்டம் ஓட்டும்போது எண்கோணக் கண்கள் தாமாகத் திறக்கின்றன. ஆறாவது ஓட்டத்தில் பிரம்பு தடுமாறாமல் வழுக்கிக்கொண்டு போனால் முந்தைய ஐந்தும் சரியாக அமைந்தன என்று பொருள். அது ஒவ்வொரு கண்ணிலும் இடறினால் மூலைவாட்டு ஓட்டத்தின் மேல்கீழ் மாறிவிட்டது என்று அறிந்து, அப்போதே பிரித்துவிட வேண்டும். பிரம்புத் தோலை ஊறவைத்து ஈரமாகப் பின்னினால்தான் அது உலரும்போது முரசுத் தோல் போல இறுகும். ஊறவைக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்பதைக் கடலோரப் பட்டறைகள் கவனிப்பதில்லை. உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீரில் ஊறிய பிரம்பில் உப்புத் தங்கி, அது காற்றின் ஈரத்தை மீண்டும் மீண்டும் உறிஞ்சி, பின்னலைத் தொய்யவும் பூஞ்சணம் பிடிக்கவும் செய்கிறது. சில கடைகள் துளையிடும் வேலையைத் தவிர்த்து, இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளை ஒரு காடியில் வைத்து அடைத்துவிடுகின்றன. விலை குறைவு என்றாலும், ஓரிடம் அறுந்தால் முழுவதையும் மாற்ற வேண்டிய அந்த முறை இந்த வடிவத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

மெருகு விஷயத்தில் சுருக்கமே போதும். உப்புத்தாளால் ரேகையோடு தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாக இரண்டு மூன்று முறை ஏற்றி, மேலே தேன்மெழுகு பூசினால் மரம் மூச்சுவிடும், கீறலையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். அரக்கு பாலிஷ் மழைக்காலத்தில் வெளுத்துப்போகும். கனமான பாலியூரிதீன் பூச்சு ஒருமுறை உரிந்தால் முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் எழுவதால் குவித்த துணி தானே தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்தியபின் அப்புறப்படுத்த வேண்டும்.

பெயரும் குறியும்

சட்டத்தின் பக்கத்தையும் பட்டறை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் பதிவு செய்த வடிவத்துக்குப் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் காப்புத் தருகிறது. பதிவு செய்யத்தக்க வடிவம் ஒன்று பதிவு செய்யப்படாமல், உரிமையாளராலோ அவருடைய அனுமதியுடனோ ஐம்பது தடவைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தியானால், அதற்குப் பதிப்புரிமை நிலைக்காது என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும், பிற நாடுகளின் சட்டம் வேறு, வணிகப் பெயர்களுக்கான பதிவு வேறு; ஏற்றுமதி செய்ய எண்ணுபவர் வழக்கறிஞரைக் கேட்டபிறகே செய்ய வேண்டும். மறுஆக்க நிறுவனங்கள் பதிவு செய்துகொண்ட பெயரைத் தன் கடைப் பலகையில் எழுதுவது எந்த நிலையிலும் தவறு.

பழைய சண்டிகர் நாற்காலிகளின் பின்சட்டத்தில் துறையின் பெயரெழுத்தும் எண்ணும் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும். போலிக்காரர்கள் முதலில் நகலெடுப்பது அந்த எழுத்தைத்தான். மரத்தைச் சங்கிலியால் அடித்து வடுவாக்குவது, தேநீர்ச் சாயம் ஏற்றுவது, பித்தளைத் திருகாணியை அமிலத்தில் கறுக்கவைப்பது ஆகியவையும் அந்த வரிசையில் சேர்பவை. வாடிக்கையாளரே விரும்பிக் கேட்டாலும் இவற்றை மறுக்க வேண்டும்; அந்த வாடிக்கையாளரின் கையிலிருந்து நாற்காலி அடுத்தவரிடம் போகும்போது, சொன்ன உண்மை கூடவே போகாது. இருக்கைச் சட்டத்தின் அடியில் பட்டறையின் பெயர், ஊர், ஆண்டு, மரத்தின் பெயர் ஆகியவற்றைச் சூட்டுக்கோலால் ஆழமாகப் பொறித்துவிட்டால் அது சுரண்டினாலும் போகாது. பூவரசில் செய்ததைப் பூவரசு என்றே பொறிக்க வேண்டும்.

வாங்குபவர் நாற்காலியைச் சமதரையில் வைத்து, உட்கார்ந்து, பின்னங்கால்களின் மேல் சற்றே சாய்ந்து பார்க்கட்டும். முனகல் கேட்டால் கழுந்து தளர்வாக இருக்கிறது. பிறகு கவிழ்த்துப் பார்க்கட்டும்: பிரம்பு முடிச்சுகள் துளைக்குள் அடங்கியிருக்கின்றனவா, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்புத் திருகாணி இருக்கிறதா, அடிப்பகுதியில் வெள்ளை மரம் ஒளிந்திருக்கிறதா என்பதை அந்த ஒரு பார்வை சொல்லிவிடும். பிரம்பு காலப்போக்கில் தொய்யும், அறும். அதை மாற்றுவது பழுது ஆகாது, இந்த நாற்காலியின் வழக்கமான பராமரிப்பே ஆகும். ஆகவே விலைச்சீட்டோடு, மாதிரிப் பலகையிலிருந்து எடுத்த முழு அளவுப் படத்தின் நகல் ஒன்றையும், துளைகளின் இடைவெளி, பிரம்பின் அகலம், பூசிய எண்ணெய் ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளையும் பட்டறை கொடுத்துவிட வேண்டும். செய்தவர் ஊரில் இல்லாத காலத்திலும் வேறொரு ஆசாரி அதைப் பார்த்து ஒரு காலையோ ஒரு பின்னலையோ அதே அளவில் மாற்றித் தருவார்.